மார்கரிற்றா அரசியும் அலுமாரிப் பிள்ளைகளும்

இத்தாலியில் “இத்தாலிய உணவகம்” என்று பெயர்ப்பலகை மாட்டிய கடையைக் காண்பது அரிது. அங்கே தொஸ்கானாச் சமையல் உண்டு. உரோமைச் சமையல் உண்டு. நேப்பிள்ஸ், சிசிலி, பொலோஞ்ஞா என்று ஊருக்கொரு சமையல் உண்டு. ஒரு குடும்பமே நின்று நடத்தும் எளிய சாப்பாட்டுக்கடைக்குத் திராத்தோரியா என்று பெயர். வைனை முதன்மையாக வைத்து, அதனோடு கொறிக்கவும் ஏதாவது கொடுப்பது ஒஸ்தேரியா. போரணை வைத்துப் பிற்சா சுடுவது பிற்சேரியா. இவை எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் அடைத்து, நாட்டின் பெயரையும் சூட்டியவர்கள் வெளிநாடு போன இத்தாலியர்கள். யாழ்ப்பாணத்துக்குள் “யாழ்ப்பாணச் சாப்பாட்டுக்கடை” தேவையில்லை. அந்தப் பலகைக்கு வெள்ளவத்தையோ ரொறன்ரோவோ வேண்டும். அதுபோலத்தான் இதுவும்.

சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு சுவிற்சர்லாந்து சென்றிருந்தபோது, சூரிச் நகரின் அவுஸ்ஸர்சீல் பகுதியில் அத்தகைய ஒரு கடையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனோம். பெரியவர் நால்வர், பிள்ளைகள் மூவர். கட்டம் போட்ட மேசைவிரிப்பு, சுவரில் வெசுவியஸ் எரிமலையின் படம், மூலையில் செங்கற் போரணை. பிள்ளைகள் போட்ட சத்தத்தை அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை. உணவுப் பட்டியலின் பின்பக்கத்தில் ஒரு கதை அச்சிட்டிருந்தார்கள். 1889ஆம் ஆண்டில் இத்தாலிய அரசி மார்கரிற்றா நேப்பிள்ஸுக்கு வந்தாராம். பிரெஞ்சுச் சமையல் அலுத்துப்போய், ஏழைகளின் உணவைச் சுவைக்க விரும்பினாராம். ரஃபாயெலே எஸ்பொசித்தோ என்ற பிற்சாக்காரர் மூன்று விதமாகச் சுட்டுக் கொடுத்தாராம். அவற்றுள் தக்காளியின் சிவப்பும் மொற்சரெல்லாப் பாற்கட்டியின் வெள்ளையும் பசிலிக்கம் இலையின் பச்சையும் சேர்ந்து தேசியக் கொடிபோல இருந்ததையே அரசி விரும்பினாராம். அதற்கு அவர் பெயரே வைக்கப்பட்டதாம்.

“அப்பப்பா, இது உண்மையா?” என்று கேட்டான் பேரன். பத்திரிகைத் தொழிலில் இருந்தவனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. அன்று அவனுக்குச் சுருக்கமாகச் சொன்னதை வாசகர்களுக்கு இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எஸ்பொசித்தோ என்றொருவர் இருந்தார். அரச தம்பதியர் அந்த ஆண்டில் நேப்பிள்ஸில் தங்கியதும் நடந்ததுதான். பிற்சாக்கள் மிக நன்றாக இருந்தன என்று அரண்மனை அதிகாரி காமில்லோ காலி கையொப்பமிட்டு, 1889 யூன் மாதத் திகதியோடு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் ஒன்று நேப்பிள்ஸின் பிராந்தி பிற்சேரியாவில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. ஆனால், அந்தக் கடிதத்தின் முத்திரையும் கையெழுத்தும் ஐயத்துக்குரியவை என்று ஆய்வாளர் சக்கரி நோவாக் 2014இல் வெளியிட்ட கட்டுரையில் வாதிட்டார். கடிதத்தை விட்டாலும் வேறொரு சான்று இருக்கிறது. 1850களிலும் 60களிலும் பிரான்செஸ்கோ த பூர்க்கார் பதிப்பித்த நேப்பிள்ஸ் பழக்கவழக்கங்கள் பற்றிய நூலில், பசிலிக்கமும் மொற்சரெல்லாவும் இட்ட பிற்சா ஏற்கெனவே பேசப்படுகிறது. ஆகவே, அரசிக்காக அது கண்டுபிடிக்கப்பட்டது என்பது நிற்காது.

அப்படியாயின் அந்தக் கதை ஏன் இவ்வளவு விருப்பத்தோடு நம்பப்பட்டது? இத்தாலி ஒரே அரசானது 1861இல். அதற்கு முந்திய ஆண்டு வரை நேப்பிள்ஸ் தனியரசின் தலைநகர். வடக்கிலிருந்து வந்த சவோய் அரசகுடும்பம் தெற்கைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. தெற்கத்தியர் பலருக்கு அது விடுதலையாகத் தெரியவில்லை. வடக்கத்திய அரசி ஒருத்தி தெற்கத்திய ஏழையின் ரொட்டியைத் தின்று, அதில் தேசியக் கொடியைக் கண்டாள் என்பது எந்த அமைச்சரின் மேடைப்பேச்சும் செய்யமுடியாத வேலையைச் செய்யக்கூடியது. அரசியல் தெரிந்தவர்கள் இத்தகைய கதைகளை எளிதில் கைவிடமாட்டார்கள்.

உண்மையான கதையில் அரசி இல்லை. பசி இருக்கிறது. நேப்பிள்ஸ் அந்நாளில் ஐரோப்பாவின் பெரிய நகரங்களுள் ஒன்று. துறைமுகத்தைச் சுற்றிய ஒழுங்கைகளில் நாட்கூலிகளாக வாழ்ந்த மக்களை லாத்சரோனி என்று அழைத்தார்கள். சமைக்க அடுப்பில்லாத ஓர் அறைக்குள் முழுக் குடும்பமும் உறங்கும். எனவே சாப்பாடு தெருவில்தான். பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் டூமா 1840களில் எழுதிய பயணநூலில், இந்த மக்கள் மாரியில் பிற்சாவிலும் கோடையில் வத்தகப்பழத்திலும் உயிர் வாழ்கிறார்கள் என்ற பொருளில் குறிப்பிடுகிறார். இன்று தின்றுவிட்டு எட்டு நாள் கழித்துப் பணம் கொடுக்கும் முறையும் அங்கே இருந்தது. நமது ஊர்க் கடைகளில் கொப்பியில் எழுதிவைத்துக் கடன் கொடுத்தார்களே, அதேதான்.

பிற்சாவின் உயிரான தக்காளிகூட இத்தாலிக்குரியதல்ல. கொலம்பஸ் 1492இல் கடல் கடந்த பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்தது. நீண்டகாலம் அதை அழகுச்செடியாகவும் உடலுக்கு ஆகாததாகவும் ஐரோப்பியர் கருதினர். 1690களில் நேப்பிள்ஸில் அச்சான அந்தோனியோ லத்தீனியின் சமையல் நூலில்தான் தக்காளிச் சாறு செய்யும் குறிப்பு வருகிறது. அதையும் அவர் ஸ்பானியப் பாணி என்றே குறிப்பிட்டார். மிளகாய் இல்லாத யாழ்ப்பாணக் கறியை நம்மால் நினைத்துப் பார்க்க முடியாது. அதுவும் அதே கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் வழியாக வந்ததுதானே!

இந்த உணவை அக்காலத்து இத்தாலியர் கொண்டாடவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. பினோக்கியோ கதையை எழுதிய கொலோடி, 1886இல் பள்ளிப் பிள்ளைகளுக்கென எழுதிய நூலில் பிற்சாவைப் பற்றி அருவருப்போடுதான் பேசுகிறார். கரிந்த மாவும் வெள்ளைப் பூண்டும் சிவந்த தக்காளியும் கலந்த அதன் தோற்றம், அதை விற்பவனின் அழுக்குக்குப் பொருத்தமாக இருக்கிறதாம். 1891இல் பெல்லெக்ரினோ அர்ட்டூசி வெளியிட்ட சமையல் நூல் இத்தாலிய நடுத்தர வகுப்பின் வேதமாகவே கருதப்பட்டது. அதில் “நேப்பிள்ஸ் பிற்சா” என்ற தலைப்பில் இருப்பது பாற்கட்டியும் வாதுமையும் சேர்ந்த ஓர் இனிப்புப் பண்டம்! மார்கரிற்றா அரசி நாட்டுக்கே அறிமுகப்படுத்தியதாகச் சொல்லப்படும் உணவு, அவர் சுவைத்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு இரண்டு ஆண்டுகள் கழித்தும் அந்த நூலுக்குள் நுழையவில்லை.

என் மதிப்பில், இவ்வளவு பேரிலும் உண்மையைக் கண்டவர் ஒரு பத்திரிகையாளர். பெயர் மத்தில்டே செராவோ. பிற்காலத்தில், 1892இல், கணவருடன் சேர்ந்து “இல் மத்தீனோ” நாளிதழைத் தொடங்கியவர். 1884இல் நேப்பிள்ஸில் வாந்திபேதி பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நகரின் குடலை உருவி எறிய வேண்டும் என்ற கருத்தில் பிரதமர் டெப்ரெத்திஸ் பேசினார். அதற்கு மறுமொழியாகச் செராவோ எழுதிய தொடர் “நேப்பிள்ஸின் வயிறு” என்ற பெயரில் நூலானது. ஏழைகள் என்ன தின்கிறார்கள், அதற்கு எத்தனை காசு கொடுக்கிறார்கள் என்பதைச் சந்தைக் கணக்குப்போல எழுதினார். ஒரு காசுக்கு வெட்டிக் கொடுக்கும் பிற்சாத் துண்டு, வெயிலில் மஞ்சளித்து, ஈ மொய்க்கக் கிடப்பதையும் மறைக்கவில்லை. கொலோடி கண்ட அழுக்கையே அவரும் கண்டார்; ஆனால் ஆட்சியாளர்களிடம் கணக்குக் கேட்பதற்காக அதை எழுதினார்.

அந்த நூலில் ஒரு சிறு செய்தி உண்டு. நேப்பிள்ஸ்காரர் ஒருவர், உரோமில் தம் ஊரவர் பலர் இருப்பதைக் கண்டு அங்கே பிற்சேரியா திறந்தார். தொடக்கத்தில் கூட்டம் அள்ளியது. பிறகு மெல்லக் குறைந்து, கடை நொடித்துப்போனது. உரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் இடையே இருநூறு கிலோமீற்றர் அளவுதான் தூரம். அந்தத் தூரத்தைக் கடக்க முடியாத ரொட்டி, பிற்பாடு அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தது.

கடக்க வைத்தது வறுமை. 1876க்கும் 1915க்கும் இடையில் ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது இலட்சம் இத்தாலியர் நாட்டைவிட்டு வெளியேறினர் என்று கணக்குச் சொல்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு மட்டும் 1880க்கும் 1920க்கும் இடையில் நாற்பது இலட்சம் பேர் போனார்கள். ஊரில் திருநாளுக்கு மட்டும் கண்ட இறைச்சி, அங்கே கூலியாட்களுக்குக்கூட அன்றாடம் கிடைத்தது. சிசிலிக்காரரும் கலாப்ரியாக்காரரும் நேப்பிள்ஸ்காரரும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்து ஒருவர் சமையலை மற்றவர் கற்றனர். ஊரில் ஒருவர் பேச்சு மற்றவருக்குச் சரியாக விளங்காத இவர்கள், அந்நியன் தங்களை ஒரே பெயரால் ஏசியபோதுதான் இத்தாலியர் ஆனார்கள். நியூயோர்க்கின் ஸ்பிரிங் தெருவில் லொம்பார்டி தம் பிற்சேரியாவை நடத்தத் தொடங்கியது 1905இல் என்பது வழமையான கணக்கு.

இத்தாலிக்குள் பிற்சா வடக்கே பரவியதும் இதே வழியில்தான். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, 1950களிலும் 60களிலும், தெற்கத்தியர் தூரின், மிலான் தொழிற்சாலைகளுக்கு வேலைதேடி இரயிலேறினர். தெற்கத்தியருக்கு வீடு வாடகைக்குக் கிடையாது என்று தூரினில் அறிவித்தல் தொங்கியது. பக்கத்துத் தெருவில் தெற்கத்தியரின் பிற்சேரியாவும் திறந்தது. ரொட்டிக்கு இடம் கிடைத்தது, ரொட்டி சுட்டவனுக்கு அறை கிடைக்கவில்லை.

இனி சூரிச்சுக்கு வருவோம். உணவுப் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சிடாத கதை ஒன்று அந்தக் கடைக்கு வெளியே தெருவிலேயே கிடந்தது. சுவிற்சர்லாந்தின் மலைகளைக் குடைந்தவர்கள் பெரும்பாலும் இத்தாலியர். 1872இல் தொடங்கி 1882இல் முடிந்த கொத்தார்ட் சுரங்கத்தில், வேலை நிலைமை தாங்காமல் 1875 யூலையில் கோஷெனனில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டு நால்வர் இறந்தனர். நகரங்கள் பெருத்தபோது வீடுகட்ட வந்த இத்தாலியர் சூரிச்சில் குடியேறிய இடம் இந்த அவுஸ்ஸர்சீல். அவர்களுக்கென்று எளிய சாப்பாட்டுக்கடைகளும் திறந்தன.

1896 யூலை மாத இறுதியில், ஒரு தகராற்றில் இத்தாலியர் ஒருவர் அல்சாஸ்காரர் ஒருவரைக் குத்திக் கொன்றார். குத்தியவனைத் தேடவேண்டியது காவற்றுறை. ஆனால் திரண்டு வந்த கூட்டம் தேடியது இத்தாலியரின் சாப்பாட்டுக்கடைகளையும் வீடுகளையும். கதவுகளை உடைத்து, தளபாடங்களைத் தெருவில் எறிந்தது. கலவரம் சில நாள்கள் நீடித்தது. இத்தாலியர் பலர் நகரை விட்டு ஓடினர். இறுதியில் இராணுவத்தை அழைக்க வேண்டியதாயிற்று.

ஒருவன் செய்ததற்கு ஓர் இனத்தின் கடைகள் யூலை மாதத்தில் உடைபடுவதைப் பற்றி ஈழத்தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. 1983 யூலையில் கொழும்பில் எரிந்தவற்றில் எத்தனை சாப்பாட்டுக்கடைகள்! இரண்டையும் ஒன்றென்று சொல்லவில்லை. கொழும்பில் பாதுகாப்புப் படையினர் பல இடங்களில் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொலைகளின் அளவும் வேறு. ஆயினும் கூட்டம் முதலில் கைவைப்பது ஏன் சாப்பாட்டுக்கடையில் என்பதை எண்ணிப் பார்த்திருக்கிறேன். குடிவந்தவனின் வாழ்வில் தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும் கதவு அது ஒன்றுதான்.

ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள். அதே அவுஸ்ஸர்சீலில் 1905இல் இத்தாலியத் தொழிலாளர் சேர்ந்து ஒரு கூட்டுறவு உணவகத்தையே நிறுவினர். பின்னாளில் முசோலினியின் ஆட்சிக்குத் தப்பி வந்தவர்கள் ஒன்றுகூடிய இடம் அதுவே. நாவலாசிரியர் இஞ்ஞாத்சியோ சிலோனேயும் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர். மலிவான மக்கரோனியும் தடைசெய்யப்பட்ட அரசியலும் ஒரே மேசையில் பரிமாறப்பட்ட இடம்.

எங்கள் பிற்சாக்களைச் சுட்டவர் தமிழர். பிள்ளைகள் தமிழில் சண்டை பிடித்ததைக் கேட்டுவிட்டு, கையில் மாவோடு மேசைக்கு வந்தார். “ஐயா, நீங்கள் ஊரிலை எவடம்?” என்பதே முதற்கேள்வி. வடமராட்சிக்காரர், 1986இல் வந்தவர். கோப்பை கழுவுவதில் தொடங்கி, மரக்கறி வெட்டி, ஒன்பதாம் ஆண்டில் போரணைக்கு முன் வந்து நின்றாராம். மாவைத் தட்டக் கற்றுக்கொடுத்தவர் கலாப்ரியாவைச் சேர்ந்த ஒரு கிழவர். “அந்த மனிசன் எங்களைப்போலைதான் ஐயா வந்தது. நாங்களாவது களவாய் வந்தனாங்கள் எண்டு பேச்சு வாங்கினம். அவையளை இவங்களே கூப்பிட்டவங்கள்” என்றார். 1980களில் சுவிஸ் பத்திரிகைகள் தமிழ் இளைஞர்களைப் போதைப்பொருள் வியாபாரிகளாகச் சித்திரித்ததை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. பிறகு அதே பத்திரிகைகளே, உணவகங்களின் சமையலறைகள் தமிழர் இல்லாமல் இயங்குமா என்று எழுதின.

அந்தக் கிழவர் தமக்குச் சொன்னதாக அவர் சொன்ன ஒன்று, அவ்வூரின் ஆவணங்களிலும் விரிவாக உள்ளது. 1948இல் இத்தாலியோடு செய்த உடன்படிக்கையின்படி சுவிற்சர்லாந்து தொழிலாளரை வருவித்தது. அவர்களில் பலருக்குக் கொடுத்தது பருவகாலத் தொழிலாளர் அனுமதி. ஆண்டில் ஒன்பது மாதம் வேலை, மூன்று மாதம் வெளியே. தொழிலை மாற்றமுடியாது. மனைவி பிள்ளைகளை அழைத்து வைத்திருக்க முடியாது. 1965 ஓகஸ்ட் 30ஆம் திகதி மத்மார்க் அணைக்கட்டு வேலைத்தளத்தின் மீது பனிப்பாறை சரிந்து, குடிசைகளையும் சாப்பாட்டுக் கூடத்தையும் மூடியபோது 88 பேர் இறந்தனர். 56 பேர் இத்தாலியர். 1972இல் குற்றஞ்சாட்டப்பட்ட பதினேழு பேரும் விடுவிக்கப்பட்டனர். மேன்முறையீடு செய்த குடும்பங்கள் வழக்குச் செலவின் பாதியைக் கட்டவேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

1970 யூன் 7ஆம் திகதி, வெளிநாட்டவர் தொகையை மாநிலங்களில் பத்து வீதத்துக்குக் குறைக்கக் கோரிய ஷ்வார்ட்சன்பாக் பிரேரணை வாக்கெடுப்புக்கு வந்தது. நிறைவேறியிருந்தால் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளியேற வேண்டியிருக்கும். 54 வீதத்தினர் வேண்டாம் என்றனர். வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டுமே. பெண்களுக்கு நாடளாவிய வாக்குரிமை மறு ஆண்டுதான் கிடைத்தது. அந்தக் காலத்தில் சுவிஸ் நகரங்களில் பிற்சேரியாக்கள் பெருகிக்கொண்டே இருந்தன. வெள்ளிக்கிழமை மாலையில் குடும்பத்தோடு பிற்சா தின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிரேரணைக்கு ஆதரவாக வாக்களித்தவர்களும் இருந்திருக்கவே வேண்டும்.

பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகவேண்டும். பிள்ளையை வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்காது. எனவே பல்லாயிரக்கணக்கான பிள்ளைகள் எல்லையில் உள்ள அநாதை விடுதிகளிலோ ஊரில் பாட்டியிடமோ விடப்பட்டார்கள். விடமுடியாதவர்கள் களவாகக் கொண்டுவந்து அறைக்குள் பூட்டி வைத்தார்கள். சிரிக்கக்கூடாது, ஓடக்கூடாது, சன்னலருகே போகக்கூடாது. யாராவது கதவைத் தட்டினால் அலுமாரிக்குள் புகுந்துவிட வேண்டும். அயலவர் முறைப்பாடு செய்தால் வெளிநாட்டவர் காவற்றுறை வரும். அலுமாரிப் பிள்ளைகள் என்றே இவர்களுக்குப் பின்னர் பெயர் வந்தது. கலாப்ரியாக் கிழவரின் மகள் ஐந்து வயது வரை அப்படித்தான் வளர்ந்தாளாம். பகலில் அவர் வேலைசெய்த உணவகத்தில், சுவிஸ் பிள்ளைகள் மேசைக்கு மேசை ஓடி விளையாடுவார்களாம்.

2017இல் நேப்பிள்ஸ் பிற்சா சுடும் கலையை யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவ மரபுகளுள் ஒன்றாகப் பதிவு செய்தது. 2025 டிசெம்பரில் இத்தாலியச் சமையல் முழுவதையும் அவ்வாறே பதிவு செய்தது. சுவிற்சர்லாந்தின் பருவகாலத் தொழிலாளர் அனுமதி முறை 2002இல் நீக்கப்பட்டது. அலுமாரிப் பிள்ளைகளாக வாழ்ந்தவர்கள், இப்போது அறுபது வயதையும் தாண்டியவர்கள் பலர், 2021இல் தெசோரோ என்ற பெயரில் சங்கம் அமைத்தனர். தெசோரோ என்றால் செல்வம். இத்தாலியத் தாய்மார் பிள்ளையைக் கொஞ்சும் சொல். நடந்ததைச் சுவிஸ் அரசு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பது அவர்கள் முன்வைத்த கோரிக்கை.